ஏழாவது பாட்டில் விழும் அடி

என் நண்பனின் முன்பற்கள் இரண்டை நான் உடைத்தேன். தாடை எலும்பிலும் விரிசல் விழுந்தது. அந்த அடிக்காக எனக்கு நல்ல விமர்சனங்கள் கிடைத்தன.

நாங்கள் மூன்று பேர். நான் டிரம்ஸ் வாசிப்பேன். பாடுகிறவனும் கிட்டார் வாசிக்கிறவனும் ஒரே ஆள். அவன்தான் அந்த நண்பன், பள்ளியில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன். அவன் வீட்டில் விசைப்படகு இருந்தும் அவன் கடலுக்குப் போகாமல் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். பேஸ் கிட்டார் வாசித்தவள் தனியார் பள்ளி ஒன்றில் இயற்பியல் டீச்சர். ஞாயிறு காலைப் பூசையில் கீபோர்டு வாசித்துவிட்டு, அதே சேலையோடு எங்களுடன் வந்து பேஸை மாட்டிக்கொள்வாள். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்த்தேன். வருகிற சரக்குக்குச் சுங்கக் காகிதம் தயார் செய்கிற வேலை. இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

முத்தையாபுரம் போகிற வழியில் பழைய உப்புக் கிட்டங்கி ஒன்றை ஓர் அண்ணாச்சி ஸ்டூடியோவாக மாற்றி வைத்திருந்தார். கொடைவிழாப் பாட்டு, தேர்தல் பாட்டு, கல்யாண வாழ்த்து எல்லாம் அங்கே பதிவாகும். ஞாயிற்றுக்கிழமை மதியம் யாரும் வரமாட்டார்கள் என்பதால் அந்த நேரத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். சுவரெல்லாம் சாக்கு அடித்திருக்கும். ஏசி ஓடினால் இரைச்சல் மைக்கில் விழும் என்று அணைத்துவிடுவார். நானும் அவனும் பனியனோடு, அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி, வேர்வை சொட்டச் சொட்ட வாசிப்போம். வெளியே கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் அந்த டேக் போச்சு, மறுபடி முதலிலிருந்து.

ஆல்பம் முழுக்க அடியைப் பற்றியே இருக்க வேண்டும் என்பது அவன் யோசனை.

"காதல் பாட்டெல்லாம் வேண்டாம்ல. நம்ம ஊர்ல ஆளுக்கு ஆள் வாங்குன அடி ஒண்ணு இருக்கும். அதை மட்டும் பாடுவோம்" என்றான்.

முதல் பாட்டு, துறைமுக வாசலில் நானும் அவனும் நேரில் பார்த்தது. வரிசையில் முந்திய லாரி டிரைவரை இன்னொரு டிரைவர் ஜாக்கி லிவரால் அடித்தார். காது பாதி கிழிந்து தொங்க, அடிபட்டவர் அதைக் கையால் பிடித்துக்கொண்டு வண்டிக்குள் ஏறி, கதவைச் சாத்தி, ஹாரனை அழுத்தியபடி அழுதார். இரண்டாவது, பள்ளியில் எங்கள் இருவரையும் பிரம்பால் விளாசிய பி.டி. வாத்தியார். மூன்றாவது, வலை சிக்கிய தகராறில் நடுக்கடலில் இரண்டு படகுக்காரர்கள் மோதியது. அவன் சித்தப்பாவின் முழங்கையை இரும்புக் கம்பியால் உடைத்தார்கள். நான்காவது பாட்டை அவளே எழுதிப் பாடினாள். மகனுக்கு மார்க் குறைந்ததென்று ஒரு தகப்பன் ஸ்டாஃப் ரூமுக்குள் வந்து அவள் கன்னத்தில் அறைந்திருக்கிறான். அறைந்த பிறகு அவளிடமே குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறான். அவளும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அதைப் பாடும்போதெல்லாம் அவள் குரல் தண்ணீர் கொடுத்த இடத்தில்தான் உடையும்.

என் வீட்டில் நடந்ததைப் பற்றி நான் பாட்டு எதுவும் எழுதவில்லை. எழுதுவதாகவும் இல்லை.

அப்பா தோணியில் தண்டல். மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிப் போகிற தோணிக்கு அவர்தான் தலைவர். போனால் மூன்று வாரம், சில சமயம் ஒரு மாதம். அவர் இல்லாத நாட்களில் எங்கள் வீட்டில் ரேடியோ பாடும். தோணி வந்துவிட்டது என்று தெருவில் யாராவது சொன்னதும் அம்மா ரேடியோவை அணைத்துவிடுவாள். அதன் பிறகு கைகளிலிருந்த கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அரிசி டின்னுக்குள் போட்டு மூடுவாள்.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது அவர் அம்மாவின் தலைமுடியைப் பிடித்து முகத்தைத் தையல் மெஷினில் மோதினார். குழம்பில் உப்பு இல்லை என்றோ, கதவைத் திறக்க நேரமானது என்றோ ஏதோ ஒரு காரணம். புருவம் பிளந்து ரத்தம் வெள்ளைத் துணியில் விழுந்தது. அது யாருடைய பிள்ளைக்கோ கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாளுக்கான முதல் நன்மை உடுப்பு. அம்மா தன் காயத்தைப் பார்க்கவில்லை. அந்தத் துணியைத்தான் முதலில் தண்ணீரில் போட்டாள்.

அப்பா கடலில் சாகவில்லை. மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் செத்தார். அடக்கம் முடிந்த வாரத்தில் ஒரு சாயங்காலம், பழைய துறைமுகப் பக்கம் கற்களின் மேல் உட்கார்ந்து, இவற்றையெல்லாம் என் நண்பனிடம் சொன்னேன். வளையல், அரிசி டின், தையல் மெஷின் எல்லாவற்றையும். வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை. அவன் கடைசிவரை கேட்டான். என் தோளில் கை வைத்திருந்தான்.

ஏழாவது பாட்டுக்கு மெட்டு மட்டும் எங்களுக்குத் தெரியும். ஒரு மாதமாக அவன் லா லா என்றே பாடிப் பழகினான். வரி எங்கே என்று கேட்டால், வரும் வரும் என்பான். பதிவு செய்கிற அன்று மூன்று பேரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்தோம். முதல் சரணத்தில் எனக்கு வார்த்தைகள் காதில் விழவில்லை; வாசிக்கும்போது எனக்கு எப்போதும் அப்படித்தான். இரண்டாவது சரணத்தில் விழுந்தன.

தோணி கரை சேந்தா
வளையல் அரிசி டின்னுக்குள்ள

என் கைகள் இன்னும் கொஞ்ச நேரம் தாளத்தை அடித்துக்கொண்டுதான் இருந்தன. அப்புறம் நின்றன. அவன் கண்ணை மூடியிருந்தான். நான் வேண்டுமென்றே நிறுத்தியதாக நினைத்திருக்க வேண்டும். டிரம்ஸ் இல்லாமலே தாழ்ந்த குரலில் தொடர்ந்து பாடினான். நான் எழுந்து, டிரம்ஸைச் சுற்றிக்கொண்டு அவனிடம் போனேன். குச்சி கையில்தான் இருந்தது. குச்சியைப் பிடித்த முஷ்டியாலேயே வாயில் குத்தினேன்.

வாய்க்கு முன்னால் மைக் இருந்தது. என் குத்து மைக்கையும் சேர்த்து அவன் பல்லுக்குள் தள்ளியது. பதிவில் கேட்கிற அந்த உலோகச் சத்தம் அதுதான். அவன் மல்லாக்க விழுந்தான். கிட்டார் அவனுக்கு அடியில் சிக்கி அலறியது. நான் அவன் நெஞ்சில் முழங்காலை வைத்து மறுபடி குத்தினேன். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. அவன் கைகளைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. அவள் பேஸைக் கழுத்தில் மாட்டியபடியே என் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். திரும்பிப் பார்க்காமல் முழங்கையை வீசினேன். அவள் உதடு கிழிந்தது. அண்ணாச்சி ஓடிவந்து என் பனியனைப் பிடித்தார். பனியன் கிழிந்து அவர் கையோடு போனது.

"போதும்ல! செத்துருவான்! விடுல!"

அது அவள் குரல். பதிவு அதோடு முடிகிறது. அதுவரை ரெக்கார்டிங்கை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் கேட்டபோது, பைக்கிலிருந்து விழுந்துவிட்டான் என்று அவள்தான் சொன்னாள். டாக்டர் அவள் உதட்டைப் பார்த்தார். தோல் உரிந்த என் விரல் முட்டிகளைப் பார்த்தார்.

"மூணு பேரும் ஒரே பைக்கா?" என்றார்.

பிறகு விபத்து என்றே எழுதிக்கொண்டார்.

மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஸ்ட்ராவில் கஞ்சி மட்டும். நான்காம் நாள் போனேன். அவன் அம்மாவுக்கு விஷயம் தெரியாது. "வா மக்கா, நீயாவது அவங்கூட இரி" என்று எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்கள். அவன் முகம் ஒரு பக்கம் கறுத்து வீங்கியிருந்தது. மடியில் ஒரு நோட்டு வைத்திருந்தான்.

"ஏம்ல எங்கிட்ட கேக்காம எழுதுன?" என்றேன்.

எழுதிக் காட்டினான்: கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவ.

நான் மன்னிப்புக் கேட்க வந்திருந்தேன். அதைப் படித்ததும் மறுபடி அடிக்கலாம் போல இருந்தது. அவன் பக்கத்தைத் திருப்பி இன்னொன்று எழுதினான்: அந்த டேக்கை அப்படியே போடணும். எதையும் வெட்டக் கூடாது.

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "என் ரத்தம் வந்ததும் அதுலதான் இருக்கு. எங்கிட்ட ஒருத்தரும் கேக்க மாட்டியளா?" என்றாள். அண்ணாச்சிக்கும் பிடிக்கவில்லை. "ஏலே, இது பாட்டா? இது கேஸு" என்றார். நான்தான் சரி என்று சொன்னேன். பல்லை உடைத்தவன் எப்படி மறுப்பது? அவன் வாயைக் கட்டிப் போட்டுவிட்டு அவன் ஆசையையும் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன். அவளிடம் மட்டும் நாங்கள் இருவரும் கடைசிவரை கேட்கவே இல்லை.

ஆல்பம் இணையத்தில் வெளியானது. சில வாரங்கள் எங்கள் சொந்தக்காரர்கள் மட்டும் கேட்டார்கள். பிறகு பெங்களூரிலிருந்து இசை பற்றி எழுதுகிற ஒருவர் நீளமாக எழுதினார். மற்ற பாட்டுகள் சுமார் என்றும், ஏழாவது பாட்டு இந்த ஆண்டின் மிகத் துணிச்சலான பதிவு என்றும் சொன்னார். வன்முறையை இவ்வளவு நம்பும்படி நடித்தவர்கள் இல்லை என்று பாராட்டியிருந்தார். டிரம்மர் சரியான இடத்தில் மௌனத்தைக் கையாளுகிறார் என்று ஒரு வரி. நான் அந்த வரியை ஆபீஸில் பலமுறை படித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இன்னொருவர் சென்னையிலிருந்து எழுதினார். எங்கள் ஊர் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு, ஆலையை எதிர்த்துப் போனவர்கள் மேல் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூடுதான் நினைவுக்கு வரும். ஏழாவது பாட்டில் விழுகிற அடி அரசாங்கத்தின் அடி என்றும், வளையல் என்பது தாலியிழந்த பெண்களின் குறியீடு என்றும் விளக்கியிருந்தார். அந்த நாளில் எங்கள் தெருவிலும் ஆட்கள் ஓடிவந்து கதவைத் தட்டினார்கள். அதைப் பாட எங்களுக்குத் தைரியம் வரவில்லை என்பதே நிஜம். மூன்றாவதாக ஒரு பெண் எழுதினார். எல்லாம் மலிவான நாடகம், அடி வாங்குகிற சத்தம் போலி, முனகல் மிகை, பின்னணியில் கத்துகிற பெண்ணுக்கு நடிக்கத் தெரியவில்லை என்றார். அதைப் படித்துவிட்டு எங்கள் டீச்சர் ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை.

முதல் விமர்சனத்தை ஒருவர் வீடியோவாகச் செய்து, பாட்டின் துண்டையும் சேர்த்துப் போட்டார். அது எங்கள் பங்குக் கோயில்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. நம்ம ஊர்ப் பிள்ளைகள் பெயர் வாங்கிவிட்டார்கள் என்று யாரோ கைதட்டுகிற படத்தோடு அனுப்பியிருந்தார்கள்.

சாயங்காலம் ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்தேன். அம்மா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மெஷின் ஓடவில்லை. போன் மேஜையில் இருந்தது.

"இது நம்ம வீட்டுக் கதையா?" என்றாள்.

நான் பையைக் கீழே வைத்தேன்.

"அவங்கிட்ட சொன்னியா?"

"சொன்னேம்மா. பாட்டாக்குவான்னு தெரியாது."

"வளையல் உடைஞ்சா என் கையில குத்தும்னு பயந்து கழட்டுனதா பாடுதான். எனக்குக் குத்தும்னா கழட்டுனேன்? நீ செருப்பில்லாம ஓடியாந்து என்னைப் பிடிப்ப. தரையில கண்ணாடி கிடந்தா உன் கால் என்னத்துக்காகும்?"

அத்தனை வருடமும் எனக்கு அது தெரியாது. பக்கத்தில் உட்காரப் போனேன். அவள் கையை நீட்டி என்னை நிறுத்தினாள். போனைத் தொட்டு அந்தத் துண்டை ஓடவிட்டாள். உலோகச் சத்தம். கிட்டாரின் அலறல். அதற்குப் பின்னால், நான் ஒருமுறைகூடக் கவனிக்காத ஒன்று. ஒவ்வொரு குத்துக்கும் முன்னால் மூக்கால் இழுத்து, தொண்டையில் அடைத்து விடுகிற மூச்சு.

"இது யாரு?" என்றாள்.

"நான்தாம்மா."

"இல்ல. இது உங்கப்பா. இருட்டுல கேட்டாலும் எனக்குத் தெரியும். இந்த மூச்சு வந்ததுன்னா அடுத்து அடி விழும். அந்த மனுசன் செத்துப் போனாருன்னுல்லா நெனச்சிருந்தேன்."

அவள் அழவில்லை. என்னைப் பார்த்துப் பயந்தாள். நான் ஒரு அடி எடுத்து வைத்ததும் அவள் தோள் உள்ளே ஒடுங்கியதை நான் பார்த்தேன். அதைப் போல எதுவும் என்னை அடித்ததில்லை.

அடுத்த மாதம் சென்னையில் ஒரு கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். நான் போகவேண்டாம் என்றேன். அவன் கேட்கவில்லை, பொய்ப்பல் கட்டியிருந்தான், பாட ஆரம்பித்திருந்தான், விட மனசில்லை. கடைசியில் மூன்று பேரும் போனோம். கச்சேரியை நடத்துகிறவர் மேடைக்குப் பின்னால் வந்து, அந்தச் சண்டையை லைவாகச் செய்ய முடியுமா, நிஜமாக வேண்டாம், நிஜம் மாதிரி, என்று கேட்டார். முடியாது என்றேன்.

முதல் பாட்டிலிருந்தே கூட்டம் ஏழு ஏழு என்று கத்தியது. ஏழாவது பாட்டின் இரண்டாவது சரணத்தில் அவன் பாட்டை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினான். மைக்கை விட்டு விலகி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"வால. உனக்கு இன்னும் இருக்குல்லா? வந்து அடி."

நடிப்புக்குக் கூப்பிட்டானா, நிஜத்துக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கீழே அடி அடி என்று கைதட்டினார்கள். முன்வரிசையில் இரண்டு பேர் விளையாட்டாகத் தள்ளிக்கொண்டார்கள். ஒருவன் முழங்கை இன்னொருவன் மூக்கில் பட்டது. அடிபட்டவன் ரத்தத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டு எதிராளியின் கழுத்தைப் பிடித்தான். சட்டை கிழிந்தது. ஒரு பெண் கீழே விழுந்தாள், அவள் மேல் ஒருவன் விழுந்தான். சுற்றியிருந்தவர்கள் போனில் படம் பிடித்தார்கள். நான் எழுந்து நின்றிருந்தேன். குச்சி கையில் இருந்தது. என் மூக்கு மூச்சை உள்ளே இழுத்தது. தொண்டையில் அது அடைத்தது. எனக்கே கேட்டது.

குச்சிகளைக் கீழே போட்டேன்.

எங்கள் டீச்சர் எங்களுக்கு நடுவே வந்து நின்று, மைக்கைத் தன் பக்கம் இழுத்து, வகுப்பறைக் குரலில் பேசினாள். "கீழ விழுந்தவங்களைத் தூக்குங்க. போனை உள்ள வைங்க. முடிஞ்சிட்டு, வீட்டுக்குப் போங்க." ஆச்சரியம், அவர்கள் தூக்கினார்கள்.

அந்த நிகழ்ச்சிக்கும் விமர்சனம் வந்தது. பதிவில் இருந்த தீ மேடையில் இல்லை, டிரம்மர் கோழைத்தனமாக விலகிக்கொண்டார் என்று.

திரும்பி வந்ததும் அம்மா அவனைக் கூட்டிவரச் சொன்னாள். வந்தான். தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அம்மா அவன் தாடையைத் தொட்டுப் பார்த்தாள். "வலிக்குதா?" என்றாள். மழைக்கு வலிக்கும் என்றான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டிருக்கணும்மா. தப்புதான்."

"பாட்டு கெடக்கட்டும். நடந்ததுதானே. ஆனா நீ அதை முழுசாப் பாடவே இல்ல. பாதியில அடி வந்து மூடிருது. அந்த அடியை எடுத்துட்டு முழுசாப் பாடு."

அவன் தயங்கினான். "அம்மா, அந்த அடியாலதான் ஜனங்க கேக்குதாங்க."

"எங்க வீட்டுல விழுந்த அடியையும் ஜனங்க கேட்டாங்க" என்றாள் அம்மா. "சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வீடு. வருசக்கணக்கா நல்லாக் கேட்டாங்க. ஒருத்தரும் கதவைத் தட்டல."

அவன் முகத்தை மூடிக்கொண்டான். நான் அவனிடம் முதல்முறையாக மன்னிப்புக் கேட்டது அப்போதுதான். டீச்சரிடமும் போய்க் கேட்டேன். "இப்பமாவது கேட்டியே" என்று மட்டும் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டாள்.

வளையல் வரியை மாற்றி, பாட்டைக் கடைசிவரை பதிவு செய்தோம். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டோம். பெங்களூர்க்காரர், பாராட்டுக் கிடைத்ததும் இவர்களுக்குப் பயம் வந்துவிட்டது, ஒரு நல்ல கோபத்தைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டார்கள் என்று எழுதினார். பழைய பதிவை யாரோ பிரதி எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எடுக்கச் சொல்லி எழுதிப் பார்த்தோம். பதில் இல்லை.

அம்மா புதியதை ஒருமுறை கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள்.

நாங்கள் மூன்று பேரும் இன்னும் சேர்ந்து வாசிக்கிறோம். அவன் தாமதமாக வருகிற நாட்களில், அல்லது ஒரு வரியை மூன்றாவது முறையும் தவறாகப் பாடுகிற நாட்களில், எனக்குள் அந்த மூச்சு ஏறும். இப்போது அது ஏறுவது எனக்குத் தெரிகிறது. குச்சிகளை வைத்துவிட்டு வெளியே போய் லாரிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பாள்.

"இன்னும் இருக்கா?" என்பாள்.

"கொஞ்சம்" என்பேன்.

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அவர்கள் காத்திருப்பார்கள்.